உதறாத பாதரசம்

போன வாரம் பல்வலி என்று மெயின் ரோட்டில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். வாசல் மேஜையில் இருந்த பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெள்ளைப் பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்றை நெற்றிக்கு நேராக நீட்டினாள். டிக் என்றது. அதில் என்ன எண் வந்தது என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் அது அணைந்துவிட்டது. "நார்மல்தாம்மா, உக்காருங்க" என்றாள். முப்பது வருஷம் போல ஊர் ஊராகக் காய்ச்சல் பார்த்துப் பிழைத்தவள் நான். என் காய்ச்சலை எனக்கே காட்டாமல் அணைத்துவிட்டாளே என்று சின்னதாக ஒரு கோபம் வந்தது. பல்வலி கொஞ்ச நேரம் மறந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கைவிட்டு, அந்தப் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். விரல் நீளத்தில் மூன்று பட்டையாக இருக்கும். ஒரு கோணத்தில் திருப்பினால்தான் பாதரசம் வெள்ளிக் கோடாகத் தெரியும், கொஞ்சம் பிசகினாலும் மறைந்துவிடும். அதற்கு ஒரு குணம் உண்டு. உடம்புச் சூட்டில் பாதரசம் விரிந்து மேலே ஏறும். வெளியே எடுத்தால் தானாக இறங்காது. குமிழுக்கு மேலே குழாயை இறுக்கி வைத்திருப்பார்கள். ஏறியது ஏறிய இடத்திலேயே நிற்கும். கையில் பிடித்து நாலு உதறு உதறினால்தான் கீழே இறங்கி அடுத்த ஆளுக்குத் தயாராகும்.

இதை நான் உதறவேயில்லை. கடைசியாக இதை வைத்தது என் அக்காவின் அக்குளில், ஒரு மார்கழி மாதக் காலையில். நூற்றியொன்று புள்ளி நான்கு. அந்த நாலு இலக்கத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்றதும் எனக்கு முதலில் வருவது மெழுகு வாசம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் அவள் மெழுகு காய்ச்சும் பக்கம் இருந்தாள். குச்சிகளை வரிசையாக அடுக்கிய சட்டத்தை முதலில் உருகிய மெழுகில் முக்கி எடுப்பார்கள், பிறகுதான் நுனிக்குத் தீ மருந்து. பெரும்பாலும் ஆண்கள் பார்க்கிற வேலை. ஆள் கிடைக்காத ஒரு நாளில் அக்காவின் கைக்கு வந்து, அப்படியே நிலைத்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் சேலையில் அந்த வாசம் ஒட்டியிருக்கும், சாமி அறையில் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த மாதிரி.

பள்ளி விடுமுறைகளில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். காலையில் மெழுகுத் தட்டைப் பார்த்தால் நடுவில் குழிந்து கிடக்கும். யாரோ உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி இருக்கும். அடுப்பு மூட்டி உருக உருகக் குழி நிரம்பி, மெழுகு விளிம்புக்கு ஏறி வரும். ஒரு நாள் புதிதாக வந்த ஆள், தட்டுதான் காலியாக இருக்கிறதே என்று குளிர்ந்த மெழுகுக் கட்டிகளை விளிம்புவரை அடுக்கிவிட்டார். அக்கா இரண்டு கட்டிகளை எடுத்து வெளியே வைத்தாள். "காலம்பற பள்ளமா இருந்தாத்தான் அண்ணாச்சி மத்தியானம் சரியா இருக்கும்" என்றாள். அவர் முறைத்தார். பொங்கி அடுப்பில் வழிந்திருந்தால் சுற்றிலும் தீக்குச்சி.

வீட்டிலும் அதே கணக்குதான். ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் விடியுமுன்னே வரிசையில் நின்று, கேனைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வருவேன், ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது என்று. மத்தியானம் வெயில் ஏறியதும் மூடியோரம் கசிந்து வீடு முழுக்க நாறும். "வாய் வரைக்கும் ஊத்தாதட்டி. அதுக்கும் மூச்சு விட எடம் வேணும்லா" என்பாள் அக்கா. எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த மாதமும் கழுத்துவரை ஊற்றுவேன். பேராசை என்று இல்லை, அந்தக் காலை நேரத்துக் குளிரில் மத்தியானம் என்று ஒன்று வரும் என்பதே எனக்கு ஞாபகம் இருக்காது.

அம்மாவும் அப்பாவும் இரண்டு வருஷ இடைவெளியில் போய்விட்டார்கள். நான் அப்போது எட்டாவது. அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என்னைப் படிக்க வைத்து, கிராமச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பினாள். பயிற்சியில் ஒரு நாள் எங்கள் டீச்சரம்மா, கண்ணாடிக் குடுவையில் சிவப்பு மைத் தண்ணீரை நிரப்பி, மெல்லிய குழாய் சொருகிய தக்கையால் அடைத்து, குடுவையைச் சுடுதண்ணீருக்குள் இறக்கிக் காட்டினார். குழாயில் நீர் ஏறும் என்று எல்லோரும் குனிந்து பார்த்தோம். முதலில் அது இறங்கியது. பிறகுதான் ஏறியது. சூட்டை முதலில் வாங்குவது பாத்திரம்தான், அது விரிந்து இடம் கொடுப்பதால் உள்ளே இருப்பது கொஞ்சம் தாழும், சூடு உள்ளே போன பிறகே தண்ணீர் விரியும் என்றார். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு வீட்டுக்கு வந்த சூட்டையெல்லாம் முதலில் வாங்கியது அவள்தான். உள்ளே இருந்த எனக்குக் கொஞ்சம் குளிர்ந்த மாதிரிகூட இருந்தது. அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை, அடுத்த வாரப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் புதூர் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட துணை சுகாதார நிலையம், அதன் பின்னாலேயே ஒற்றை அறையில் குடியிருப்பு. சுற்றிலும் கரிசல். சித்திரை வைகாசியில் நிலம் வெடித்துக் கிடக்கும், மத்தியானத்தில் தூரத்து ஆடுகள் தண்ணீருக்குள் மேய்கிற மாதிரித் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் தெர்மாமீட்டரைக் கண்ணாடிக்குச்சி என்பார்கள். குச்சி வைத்தாலே பாதிக் காய்ச்சல் போய்விடும் என்று நம்பிக்கை. அதோடு இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார்கள். முதல் தடவை ஒரு வீட்டில் காய்ச்சல் பார்த்துவிட்டு, எண்ணைச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று உதறப் போனேன். வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நர்சம்மா, உள்ள வச்சு உதறாதீங்க. காச்சலு வீட்டுக்குள்ள சிந்திரும்லா. வெளிய போயி மேக்க பாத்து உதறுங்க."

"மேற்க எதுக்கு?"

"கெழக்க மழ வார தெச. அதுல போயி காச்சலக் கொட்டலாமா?"

மேற்கே கண்ணுக்கெட்டியவரை பருத்தி எடுத்து முடிந்த வெற்று நிலம்தான். வெளியே போய் அந்தத் திசையைப் பார்த்து உதறினேன். எனக்குச் சிரிப்பு. ஆனால் அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் அதே வழக்கமாகிவிட்டது. தெருவில் நான் மேற்கே பார்த்துக் கையை வீசிக்கொண்டு நின்றால், இன்ன வீட்டில் காய்ச்சல் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அக்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "நல்ல பழக்கந்தானட்டி" என்றாள். அவளுக்குக் கண்ணாடிக்குச்சியே தேவையில்லை. புறங்கையை நெற்றியில் வைத்துவிட்டு, "நூத்திரெண்டு இருக்கும், வேணும்னா உன் குச்சிய வச்சுப் பாத்துக்கோ" என்பாள். வைத்துப் பார்த்தால் நூற்றிரண்டு. எத்தனையோ தடவை போட்டி போட்டிருக்கிறேன், ஒரு புள்ளி இரண்டு புள்ளிக்கு மேல் அவள் தவறியதில்லை. அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பது வீண் என்று கேலி செய்வாள்.

அந்த முதல் கோடையில்தான் நான் பேர் வாங்கினேன். ஒரே காலையில் ஏழு பேர் உடம்பு சரியில்லை என்று வந்தார்கள். வரிசையாகக் குச்சி வைத்தேன். முதல் ஆளுக்கு நூற்றிநாலு. அடுத்த ஆளுக்கு நூற்றிநாலு. ஏழு பேருக்கும் நூற்றிநாலு. ஊரில் கொள்ளைநோய் இறங்கிவிட்டது என்று பஸ்ஸில் ஆள் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு அனுப்பினேன். மத்தியானம் டாக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் தெர்மாமீட்டரை வாங்கி நன்றாக உதறி, ஒருவர் வாயிலும் வைக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்தார். குடித்து முடித்து எடுத்துப் பார்த்தார். நூற்றிநாலு.

"என்னம்மா, மேஜைக்கும் காய்ச்சலா?" என்றார்.

கூரைக்குக் கீழே காற்றே அவ்வளவு சூடு. உதறி இறக்கிவைத்து நிமிர்வதற்குள் பாதரசம் தானாக ஏறிவிடும், நோயாளி வாயில் என்ன இருந்தாலும் இறங்காது. ஊர் முழுக்கச் சிரித்தது. "மேசைக்குச் சொகமாயிட்டா நர்சம்மா?" என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தெர்மாமீட்டரை வெயிலில் பஸ் ஜன்னலோரம் பைக்குள் வைத்து, குமிழ் வெடித்தே போயிற்று. அது தனிக் கதை. பாதரசத்துக்கு விரிய இடமில்லாவிட்டால் கண்ணாடி என்ன செய்யும்?

அவமானப்பட்டவள் அடுத்த தப்பை எதிர்ப்பக்கம் செய்வாள் போலிருக்கிறது. அதே மாதத்தில் அக்கா லீவுக்கு என்னோடு வந்து தங்கியிருந்தாள். இரண்டாம் நாள், "உடம்பு கணகணங்குது" என்றாள். குச்சி வைத்தேன். நூற்றிநாலு. சிரித்துவிட்டேன். "மேஜைக்கும் இதேதாங்கா. வெயிலு" என்று சொல்லிவிட்டு ஊருக்குள் தடுப்பூசிக்குப் போய்விட்டேன். எல்லார் காய்ச்சலையும் புறங்கையால் சொல்கிறவளுக்குத் தன் நெற்றி மட்டும் தெரியவில்லை. கையும் சேர்ந்துதானே சுடும்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தால், அந்த அக்கினி வெயிலில், கூரை தகிக்கும் அறையில், அக்கா என் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தாள்.

"குளுருதுட்டி" என்றாள்.

அந்த வெயிலில் குளிர்கிறது என்றால் அது நிஜக் காய்ச்சல். ஓடிப்போய் மண்பானைத் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டேன். குளிர்ந்ததும் உதறி, ஈரத்துணியில் சுற்றியபடியே கொண்டுவந்து அவள் நாக்கடியில் வைத்து, வைத்த வேகத்தில் எடுத்து, மறுபடி பானை, மறுபடி நாக்கு என்று நாலு தடவை பார்த்தேன். நூற்றியைந்தைத் தொட்டது. நாலரை மணி பஸ்ஸில் கோவில்பட்டி பெரிய ஆஸ்பத்திரி. டைபாய்டு என்றார்கள். பிழைத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்துக் கஞ்சி குடித்துக்கொண்டே, "மேசைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். நான் அழுததைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து கோடையில் என் பையில் ஒரு சின்னச் செம்பும் ஈரத்துணியும் இல்லாமல் நான் எந்த வீட்டுக்கும் போனதில்லை.

பிறகு பத்து வருஷம் போல நல்லபடியாகவே போயிற்று. எனக்குக் கல்யாணமாகி, கோவில்பட்டிக்கே மாறுதலும் வந்தது. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அக்கா எங்களோடுதான் இருந்தாள். அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அந்த மார்கழியில் படுத்தவள் எழவில்லை. காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடக்கும் குளிர். அவள் தலைக்கு வைக்க என்று பாட்டிலை ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு, அக்குளில் குச்சி வைத்துப் பார்த்தேன்.

"எம்புட்டு?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"நீயே சொல்லு."

புறங்கையைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோகப் பார்த்தாள், கை பாதியில் விழுந்துவிட்டது. "நூத்தியொண்ணு" என்றாள். நூற்றியொன்று புள்ளி நான்கு. தெர்மாமீட்டரை எண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால் நிழல் பக்கம் வைத்துவிட்டு, துணி நனைக்கத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள். பாட்டிலில் எண்ணெய் ஓரமாக இளகத் தொடங்கியிருந்தது.

பதினாறாம் நாள் முடிந்து வீட்டைக் கழுவும்போதுதான் ஜன்னலில் அது கண்ணில் பட்டது. அதே நூற்றியொன்று புள்ளி நான்கு. கையில் எடுத்தேன். எத்தனை ஆயிரம் தடவை உதறியிருப்பேன், அன்றைக்கு மணிக்கட்டு அசையவில்லை. போட்டோவில் முகம் இருக்கிறது, பெட்டியில் சேலை இருக்கிறது. ஆனால் அவள் உடம்புச் சூடு தள்ளி நிறுத்திய இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான். உறையில் போட்டுப் பீரோவில் வைத்தேன்.

மாசி முடியும்போது பயம் பிடித்தது. இந்தக் கண்ணாடி எத்தனை மார்கழியையும் தாங்கும்; குளிரில் அந்தக் கோடு இறங்காது. ஆனால் வீட்டுக்குள் வெயில் நூற்றியொன்று புள்ளி நான்கைத் தாண்டினால், அடியிலிருந்து பாதரசம் விரிந்து வந்து மேலே தள்ளிவிடும். கோவில்பட்டிக் கோடைக்கு அது ஒரு காரியமா? எங்கள் ஓட்டு வீட்டில் பங்குனியிலேயே பீரோக் கதவைத் தொட முடியாது.

அதனால் பங்குனி பிறந்ததும் அதை உறையோடு ஈரத்துணியில் சுற்றி, சமையலறை மூலையில் மண்பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலில் செருகி வைத்தேன். காலையில் ஒரு தடவை, பதினோரு மணிக்கு, இரண்டு மணிக்கு, நாலு மணிக்கு நனைக்க வேண்டும். ஆவணிவரை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது என்ன கூத்து என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் முதல் நாள் பார்த்தார். மறுநாள் நான் ஃபீல்டுக்குக் கிளம்பும்போது, "மத்தியானம் நான் வந்து நனச்சிருதேன், நீ போ" என்றார். இடைவேளையில் சைக்கிளை மிதித்து வந்து நனைத்துவிட்டுப் போவார். ஈர மணலும் பானையும் கலந்த அந்த வாசம் இப்போதும் எங்காவது வந்தால், எனக்கு நாலு மணி நனைப்புக்கு நேரமாகிவிட்ட மாதிரி இருக்கும்.

முதல் கோடை தாண்டியது. இரண்டாம் கோடையும் தாண்டியது. மூன்றாம் வருஷம் சித்திரையில் அவர் பரீட்சைப் பேப்பர் திருத்தத் தூத்துக்குடி போய்த் தங்கியிருந்தார். எனக்கு எட்டயபுரம் பக்கம் முகாம். ஒரு நாளில் முடியும் என்றார்கள், ஆள் வராததால் இன்னொரு நாளும் இருக்கச் சொன்னார்கள். அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்து, என் செம்பிலிருந்து துணியை நனைக்கும்போதுதான் வீட்டுப் பானை ஞாபகம் வந்தது. மணி இரண்டரை. வேறு யாருக்காவது போன் போட்டு என்ன என்று சொல்வது?

மறுநாள் வந்து கதவைத் திறந்தேன். பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணல் உலர்ந்து வெளுத்திருந்தது. துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. பிரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நூற்றிநாலு புள்ளி ஆறு.

அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா போன அன்றுகூட அப்படி அழவில்லை. சாயங்காலம் அவர் தூத்துக்குடியிலிருந்து வந்தார். என் கையிலிருந்து அதை வாங்கி, ஜன்னலுக்குக் கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கீழ நூத்தியொண்ணு நாலு வரைக்கும் ஒங்கக்காதான? அதுக்கு மேலதான வெயிலு" என்றார்.

கணக்கு வாத்தியார். சரியாகத்தான் சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் அதை வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் ஃப்ரிட்ஜ் வாங்கினோம். அதில் முட்டை வைக்கிற குழிகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வருஷம் முந்தியிருக்கக் கூடாதா என்று தோன்றும். பிற்பாடு சுகாதாரத் துறையில், பாதரசம் உடம்புக்கு ஆகாது, இருப்பதையெல்லாம் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பட்டன் வைத்த பிளாஸ்டிக் தெர்மாமீட்டர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கொடுத்தேன். ஒன்று உடைந்துவிட்டது என்று எழுதினேன். என் சர்வீஸில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான், என்னை நம்பலாம்.

போன வாரம் அந்தத் துப்பாக்கிக்காரப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரும் இப்போது இல்லை. எனக்கும் வயதாகிறது. எனக்குப் பிறகு யாராவது பீரோவை ஒழிக்கும்போது இதைக் குப்பையில் போடுவார்கள், உடைந்து வீட்டுக்குள் சிந்தும். அதற்கு நானே முறைப்படி உதறிவிட்டால் என்ன என்று தோன்றியது. புதூர் பக்கத்து அம்மா சொன்ன மாதிரி வெளியே போய், மேற்கே பார்த்து.

மொட்டை மாடிக்கு ஏறினேன். இந்தக் காலனியில் நாங்கள் வீடு கட்டியபோது மேற்கே ஒரே உளுந்தும் கரிசலுமாகத்தான் கிடந்தது. இப்போது வரிசையாக வீடுகள், ஒரு செல்போன் டவர், அதற்குப் பின்னாலும் வீடுகள். நேர் எதிர் மாடியில் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "என்ன தேடுதீங்க ஆச்சி?" என்றாள்.

"ஒண்ணுமில்லட்டி" என்றேன்.

கையை ஓங்கியவள் இறக்கிக்கொண்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருடைய வீடாவது இருக்கிறது. கீழே வந்து, பழைய துணியை நனைத்து உறையோடு சுற்றி, பீரோவில் இருந்த இடத்திலேயே வைத்தேன்.